யார் வைத்த சேனை

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

கூத்தாநல்லூரிலிருந்து மதியம்தான் வீடு வந்து சேர்ந்தேன். ஹமீதா பானுவின் மகளுக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். தாத்தா பிள்ளையின் காதில் பாங்கு சொல்லி முடிக்கும்வரை வெளியே நின்றேன். பிறகு உள்ளே கூப்பிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஹமீதா பானு அழுதுவிட்டார். "நீங்க இல்லாட்டி எம்பொண்ணு பயத்துலயே பாதி செத்திருப்பா டீச்சர்" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். இது பெருமை பிடித்த புத்தி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டில் ஜெக்கரியா ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் கொண்டுவந்த ஆள் கேட்டானாம், உங்க வீட்டம்மா டாக்டரா நர்ஸா என்று. "ரெண்டும் இல்ல, டூலான்னு சொன்னேன். ஏதோ மீன் பேரச் சொன்ன மாதிரி பாத்தான்" என்றார்.

நான் பிரசவம் பார்ப்பதில்லை. ஊசி போடுவதில்லை, மருந்து சொல்வதில்லை. வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை தாயின் மார்பில் சேரும்வரை கூடவே இருப்பேன். இடுப்பை அழுத்திவிடுவேன், நடக்க வைப்பேன், திட்டினால் வாங்கிக்கொள்வேன். பாலர் பள்ளியில் பிள்ளைகளை மேய்த்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெபமாலையில் மாதா கர்ப்பிணியான எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போன இடம் வரும்போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்கார்வேன். மூன்று மாதம் கூடவே தங்கினார் இல்லையா? என் தொழிலை முதலில் செய்தவர் அவர்தான். எலிசபெத்தம்மாளின் புருஷன் பெயரும் என் வீட்டுக்காரர் பெயர்தான். அவர் பிள்ளை பிறக்கும்வரை வாய் பேச முடியாமல் இருந்தார். எனக்கு வாய்த்தவருக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

சாயங்காலம் ஒரு போன். கயல்விழி, திருக்காட்டுப்பள்ளியில் கால்நடை மருத்துவர். ஏழாம் மாதமாம். ஹமீதா பானுதான் நம்பர் கொடுத்திருக்கிறார், அவர் வளர்க்கும் ஆடுகள் வழியாகப் பழக்கமாம்.

23 ஆகஸ்ட், சனி

கயலைப் பார்த்துவிட்டு வந்தேன். கெட்டிக்காரப் பெண். முதல் பத்து நிமிஷம் அவள்தான் என்னைப் பரீட்சை வைத்தாள். அப்புறம் சட்டென்று குரல் இறங்கிவிட்டது.

"எத்தனையோ மாட்டுக்குப் பிரசவம் பாத்திருக்கேன்க்கா. கன்னு குறுக்க கெடந்தா தோள் வரைக்கும் கையவிட்டுத் திருப்பியிருக்கேன். எனக்குன்னு வந்ததும் தூக்கமே வரல."

நாம் மாடு இல்லை, அதனால்தான் பயம் என்றேன். சிரித்தாள்.

புருஷன் வசிஷ்ட், பேங்க்கில் வேலை. கடனில் வாங்கிய மாடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், சர்டிபிகேட் கொடுக்கும் டாக்டரைப் பார்த்துவிட்டார். பதிவுத் திருமணம். கயலின் அம்மா காளியம்மாள் கொஞ்ச நாள் முறைத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். வசிஷ்டின் அம்மா ஆனந்தம் மயிலாடுதுறையில் இருக்கிறார். கல்யாணத்துக்கும் வரவில்லை, இந்த இரண்டு வருஷத்தில் வீட்டுப் படியும் மிதிக்கவில்லை. காரணத்தைக் கயல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு காலத்தில் நாற்று நட்டவர்கள் வீட்டுப் பெண்ணும் நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பையனும் என்றால் இந்தப் பக்கம் யாருக்கும் விளங்கும்.

"எனக்கு ஒரே ஆசைதான்க்கா" என்றாள் கயல். "புள்ள பொறக்குறப்ப அம்மாவும் அத்தையும் ஒரே எடத்துல இருக்கணும். அன்னைக்குச் சேரலன்னா அப்புறம் என்னைக்குமே சேர மாட்டாங்க."

காளியம்மாள் காபி கொடுத்துவிட்டு என் கழுத்துச் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார், எம்பொண்ண வேதத்துல சேத்துர மாட்டீங்களே என்று. எனக்குக் கோபம் வரவில்லை, பழகிவிட்டது. அருள் நிறைந்த மரியே சொல்வேன், மனசுக்குள்தான், வலி வந்து போகிற நேரத்தை அதை வைத்துத்தான் அளப்பேன் என்று சொன்னேன். யோசித்தார். "அப்ப எங்க காத்தாயிக்கும் சேத்து ஒண்ணு சொல்லிருங்க" என்றார்.

5 செப்டம்பர், வெள்ளி

கயலுக்கு வளைகாப்பு. காளியம்மாள் வீட்டு வாசலில் பந்தல், ஏழு வகைச் சோறு. நலங்கு முடியும் நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. வசிஷ்டின் அப்பா சந்தானகிருஷ்ணன் முதலில் இறங்கினார். பின்னால் பட்டுப்புடவையில் ஆனந்தம். அவர் யாரையும் பார்க்காமல் நேரே போய்க் கயலின் கைகளில் வளையல் போட்டார், கன்னத்தில் சந்தனம் தடவினார். கயல் அழுத அழுகையில் சந்தனம் எல்லாம் கரைந்தது. நானும் அழுதேன்.

அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். பேச்சு சேனையில் வந்து நின்றது.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். காளியம்மாள் யாரிடமோ சொல்வதுபோல, கற்கண்டுத் தண்ணியில் நான்தான் வைக்கப்போகிறேன் என்றார். ஆனந்தம் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்காத்துல தேன்ல தங்கத்த உரைச்சுத் தொட்டு வைப்பா. அது அப்பா வழியில செய்யறது" என்றார். யார் குணம் வரக்கூடாது என்று இரண்டு பேரும் பயப்படுகிறார்கள் என்பது பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? தேனும் வேண்டாம், கற்கண்டும் வேண்டாம், பிள்ளைக்கு முதல் சொட்டு தாயின் சீம்பால்தான், டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்வார் என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு முகத்திலும் ஒரே கடுப்பு.

இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன். எனக்குச் சேனை வைத்தது அத்தை சவரியம்மாள். தெருவில் அவரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் இல்லை. உனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியாதா என்று அம்மா சாகும்வரை சொன்னார். ஊருக்கெல்லாம் சேனை வேண்டாம் என்கிற நான் அதை நம்புகிறேனா? நம்புகிறேன். என்ன செய்ய?

20 செப்டம்பர், சனி

கயலுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. ஊறுகாய் பாட்டிலை நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜெக்கரியாவுக்குக் கொண்டாட்டம்.

4 அக்டோபர், சனி

காளியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். ரோடு முழுக்கக் குறுவை நெல்லைக் காயப் போட்டிருக்கிறார்கள், பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்ததாம். தண்ணீர் குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். மயிலாடுதுறைச் சம்பந்தியம்மாவோடு போனில் பேசினாராம். முதல் தடவையாக. ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டார்களாம்.

"நானும் வைக்க வேணாம், அவங்களும் வைக்க வேணாம். நீங்க வைங்க டீச்சர். ரெண்டு பக்கமும் சேராத ஆளு. மனசும் நல்ல மனசு. உங்க கொணம் வந்தா எங்களுக்குச் சந்தோஷந்தான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வளைகாப்பில் சொன்னதைத்தானே? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆசை. வேறென்ன? எங்கள் பங்குக் கோயில் ஜனங்களும் சேனை வைக்கிறார்கள். வசதியான வீட்டு மனிதர்களாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். அடைக்கலமேரி குணம் தன் பிள்ளைக்கு வரட்டும் என்று இதுவரை ஒருவரும் நினைத்ததில்லை. அதுவும் இரண்டு வீடு சேர்ந்து. ஒன்றிலுமே ஒத்துப்போகாத இரண்டு வீடு.

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

6 அக்டோபர், திங்கள்

ஜெக்கரியாவிடம் சொன்னேன். "வைக்காத மேரி. அந்தப் புள்ளைக்கு உன் வாய் வந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கூத்தாநல்லூரில் ஹமீதா பானு பேத்திக்குத் தேன் வைக்க வேண்டாம் என்று சொன்னவள்தானே நீ என்று கேட்டார். நான் மாவரைக்கப் போய்விட்டேன்.

9 அக்டோபர், வியாழன்

எழுதினாத்தான் மனசு ஆறும்.

காலையில் கயல் போன் பண்ணினாள். ஆனந்தம் அவர்கள் வீட்டு வெள்ளிப் பாலாடையை வசிஷ்டிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வசிஷ்டுக்கே அதில்தான் பால் புகட்டினார்களாம். சேனை வைக்கும்போது டீச்சர் கையில் கொடுக்கச் சொன்னாராம். நான் யோசிக்கிறேன் என்றதைச் சரி என்று எடுத்துக்கொண்டு தேன்கூட ஏற்பாடாகிவிட்டது.

உடனே கிளம்பிக் காளியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஆனந்தத்தைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். என்னால் முடியாது, நான் வைத்தால் ஊரெல்லாம் சொன்னது பொய்யாகிவிடும், பிள்ளைக்கும் அது ஆகாது என்று சொன்னேன். நல்ல விதமாகத்தான் சொன்னேன்.

"ஆசையக் காட்டிட்டு இப்ப கழட்டி விடுறீங்களா டீச்சர்?" என்றார் காளியம்மாள்.

போனில் ஆனந்தம், அப்படியானால் எங்கள் வழக்கப்படி நானே பண்ணிக்கொள்கிறேன் என்றார். அதையும்தான் பார்க்கிறேன் என்று காளியம்மாள் கத்தினார். அதற்கு மேல் இரண்டு வருஷத்துப் பேச்சும் வெளியே வந்தது. எழுதக் கூசுகிறது. கயல் அறையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு பேருமே ஆஸ்பத்திரிக்கு வர வேணாம். அக்கா மட்டும் போதும்."

பெட்டியைக் கட்டிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளிக்கே திரும்பிவிட்டாள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போன பெண் இப்படியா திரும்ப வேண்டும்?

எல்லாம் என்னாலதான். அன்னைக்கே முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு வந்திருக்குமா? எனக்கு அந்த மரியாதை வேண்டியிருந்துச்சு. ரெண்டு நாளாவது அத வச்சிக்கிட்டு இருக்கணும்னு தோணிச்சு. அவ ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் நானே கெடுத்துட்டேன் — மாதாவே.

11 அக்டோபர், சனி

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பரிகாரமாக ஜெபம் எதுவும் தரவில்லை. அந்தப் பெண்ணோடு கூட இரு, அது போதும் என்றார்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. காளியம்மாள் வீட்டு அதிரசம் வந்தது. காளியம்மாள் வரவில்லை. அவர் புருஷன் கோவிந்தராசு கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். "அதிரசம் மட்டும் கோவிச்சுக்காது டீச்சர்" என்றார்.

29 அக்டோபர், புதன்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. முழுவதையும் எழுத வேண்டும்.

அழுத்தம் ஏறியதால் நேற்று விடிந்ததுமே கயலைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து வலி வர மருந்து கொடுத்தார்கள். வசிஷ்ட் முகத்தில் ரத்தமே இல்லை. அவரைக் கீழே டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் உள்ளே போனேன்.

வலி நன்றாகப் பிடித்தது. இடுப்பை அழுத்தினேன், ஜன்னல் வரைக்கும் நடக்க வைத்தேன். ஒவ்வொரு வலிக்கும் மனசுக்குள் அருள் நிறைந்த மரியே, முடிந்ததும் காளியம்மாள் கேட்டபடி காத்தாயிக்கு ஒன்று. நான் நல்ல டூலா. தயங்காமல் எழுதுகிறேன். ஒரு பெண் என் தோளில் சாய்ந்து மூச்சு விடும்போது அடுத்த மூச்சில் அவளுக்கு என்ன வேண்டும் என்று என் கைக்குத் தெரியும்.

நேற்று அதையும் தாண்டி ஒன்று தெரிந்தது. அவளுக்கு வேண்டியது நான் இல்லை. என் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "அம்மாவ வரச் சொல்லுங்கக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அத்தையையும்" என்றாள்.

நானே போன் பண்ணினேன். இரண்டு பேரிடமும் ஒளிக்காமல் சொன்னேன், சம்பந்தியம்மாவும் வருகிறார், கயல் இருவரையும்தான் கேட்டாள் என்று. ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. காளியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் வைத்த கையோடு வந்துவிட்டார். ஆனந்தம் மயிலாடுதுறையிலிருந்து ரயிலில், காலுக்கொரு செருப்பாக மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்குள் அழுத்தம் இன்னும் ஏறிவிட்டது. ஆபரேஷன்தான் என்றார் டாக்டரம்மா. தியேட்டருக்குள் எனக்கு இடமில்லை. வெளியே பெஞ்சில் நடுவில் நான், இந்தப் பக்கம் காளியம்மாள், அந்தப் பக்கம் ஆனந்தம். நான் ஜெபமாலை உருட்டினேன். ஆனந்தம் ஏதோ சுலோகம். காளியம்மாள் காத்தாயியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வசிஷ்ட் எதிரே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

பெண் குழந்தை. நல்ல எடை. ஆனால் ஒரே தூக்கம். மார்பில் போட்டாலும் வாயைத் திறக்கவில்லை. பாதத்தைச் சுண்டினார்கள், முதுகைத் தேய்த்தார்கள், ம்ஹூம். பால் இறங்காவிட்டால் சர்க்கரை குறையும், குழந்தைகள் வார்டுக்குத் தூக்க வேண்டியிருக்கும் என்றாள் நர்ஸ் தமிழ்நிலா. காளியம்மாள் அழ ஆரம்பித்தார். ஒரு சொட்டு கற்கண்டுத் தண்ணி கொடுத்தால் என்ன என்றார். ஆனந்தத்தின் கை பைக்குள் போனது. தேன் பாட்டில் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மல்லாந்து படுத்திருந்த கயல் தலையை மட்டும் திருப்பினாள். குரல் மருந்தில் குழறியது.

"அம்மா, கன்னுக்குட்டி எந்திரிக்கலன்னா கற்கண்டு கொடுப்பியா? சீம்பாலத்தானே பீச்சிப் பொகட்டுவ?"

காளியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனந்தத்தின் கை வெறுமனே வெளியே வந்தது.

தமிழ்நிலா சீம்பாலைக் கிண்ணத்தில் பீச்சி எடுத்தாள். கொஞ்சம்தான், மஞ்சளாக, கெட்டியாக. ஆஸ்பத்திரிப் பாலாடையை எடுக்கப் போனவளை நிறுத்தி, கயலின் பையிலிருந்த வெள்ளிப் பாலாடையைக் கொடுத்தேன். கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். பாலை அதில் ஊற்றி என் கையில் தந்தாள். "உங்களுக்குப் பழக்கந்தானேக்கா, நீங்களே பொகட்டுங்க" என்றாள்.

தேனும் இல்லை, கற்கண்டும் இல்லை. தாயின் பால். நான் ஊருக்குச் சொன்னதில் ஒரு எழுத்தும் மாறாது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் வாயில் முதல் சொட்டு என் கையால். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், சம்மதமாகத்தான் நிற்கிறார்கள். எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"காளியம்மா, நீங்க மடியில வாங்கித் தலையைத் தூக்கிப் பிடிங்க" என்றேன். "ஆனந்தம்மா, நீங்க இப்படி வாங்க."

பாலாடையின் ஒரு பக்கம் காளியம்மாள் விரல்களை வைத்தேன். மறுபக்கம் ஆனந்தத்தின் விரல்களை வைத்தேன். அதன் மூக்கு நுனியைப் பிள்ளையின் உதட்டில் சேர்த்துவிட்டு என் கையை எடுத்துக்கொண்டேன்.

பாலாடை சாய்ந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்தது. நாக்கை நீட்டியது. விழுங்கியது. "எறங்கிடுச்சு" என்றார் காளியம்மாள். "எறங்கிடுத்து" என்றார் ஆனந்தம். கிண்ணம் காலியாகும்வரை இரண்டு கையும் பாலாடையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது, மார்பில் போட்டதும் கவ்விக்கொண்டது. கயல் என்னைப் பார்த்தாள்.

என் கை காலியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெருமையாக நான் இருந்ததில்லை. பிறகு தமிழ்நிலா எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள், நாங்கள் மூன்று பேரும் கேன்டீனில் இட்லி சாப்பிட்டோம்.

3 நவம்பர், திங்கள்

பிள்ளைக்கு வானதி என்று பெயர் வைக்கப்போகிறார்களாம். இரண்டு பக்கமும் சம்மதித்த பெயர். ஜெக்கரியா நம்பவில்லை.

17 ஜனவரி 2026, சனி

காணும் பொங்கலுக்கு வீடு நிறைய ஆட்கள். கயல், வசிஷ்ட், வானதி. அவர்களோடு ஒரே காரில், பின் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காளியம்மாளும் ஆனந்தமும். ஒருவர் கையில் கரும்பு, இன்னொருவர் கையில் சர்க்கரைப் பொங்கல் தூக்கு. ஆனந்தம் தன் தங்கை மகள் வித்யாலக்ஷ்மிக்குச் சித்திரையில் பிரசவம் என்றும் நான்தான் வர வேண்டும் என்றும் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார்.

வானதிக்கு நல்ல தொண்டை. நினைத்தது கிடைக்காவிட்டால் தெரு முழுக்கக் கேட்கும். இன்று பாலுக்காக அழுத அழுகையில் ஜெக்கரியா வைத்திருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். காளியம்மாள் முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தப் புடிவாதம் அப்புடியே என்னுது. நாந்தான ஊத்துனேன்."

"பிடிவாதம் எங்காத்துச் சொத்தாக்கும். பாலாடையச் சாய்ச்சது நான்" என்றார் ஆனந்தம்.

இல்லை நான், இல்லை நான் என்று வளர்ந்துகொண்டே போனது. முன்னே ஒருவர் குணம் வந்துவிடக்கூடாது என்று ஒருவர் பயந்தார்கள். இப்போது பிள்ளையின் கெட்ட குணத்துக்கெல்லாம் நான்தான் காரணம் என்று போட்டி போடுகிறார்கள். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"டீச்சர், நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. யாரு கை மொதல்ல சாஞ்சுச்சு? உள்ளதச் சொல்லுங்க" என்றார் காளியம்மாள்.

"சொல்லுங்கோ" என்றார் ஆனந்தம்.

ஜெக்கரியா வாய் திறக்காமல் காத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"நான் கண்ண மூடி ஜெபம் சொல்லிட்டு இருந்தேன்" என்றேன்.

இரண்டு பேருக்கும் ஏமாற்றம். மறுபடி சண்டையைத் தொடங்கினார்கள், சண்டையோடேயே ஒரே தட்டிலிருந்து பொங்கல் எடுத்துச் சாப்பிட்டார்கள். கயல் மட்டும் பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் சொன்னது பொய். இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்துகொண்டுதான் நின்றேன். பாலாடையில் இரண்டு கை இருந்தது, முதலில் சாய்த்தது ஒரு கைதான், அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அடுத்த வாரம் சாமியாரிடம் பொய் சொன்னதை மட்டும் சொல்வேன். படுக்கப் போகும்வரை ஜெக்கரியா கெஞ்சிப் பார்த்துவிட்டார், சொல்லவில்லை. இதிலும் எழுதப் போவதில்லை.